கூரையில் நான்கு கோடுகள்

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டது இல்லை, தூக்கக் கலக்கத்தில் பார்த்ததும் இல்லை. மாலை ஆறு மணி. பட்டறையில் எட்டு டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே, "அதுக்கு வேற வேலை இல்லையா" என்று கேட்கிற ஆள் நான். இருந்தும் இதை எழுதுகிறேன். பயத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். கோபத்தில்.

என் அண்ணன் கார் கழுவும் பட்டறை வைத்திருக்கிறான். அவன் கழுவுவான், நான் துடைப்பேன், அண்ணி ஆபீஸ் அறையில் உட்கார்ந்து போன் எடுப்பாள். ஏழு வருஷமாக இதே ஏற்பாடு. துடைக்கிற வேலையா, அது என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரில் கீறல் விழுவது கழுவும்போது கொஞ்சம், துடைக்கும்போதுதான் மிச்சமெல்லாம். ஒரு மணல் துகள் துணியில் ஒட்டியிருந்தால் போதும், கதை முடிந்தது.

அதனால் நான் துடைப்பதே இல்லை. முதலில் குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, கார் கூரையிலிருந்து தண்ணீரை மெதுவாக வழிய விடுவேன். முக்கால்வாசி ஈரம் அந்தத் தண்ணீரோடேயே போய்விடும். பிறகு பாய் அளவுக்கு ஒரு மைக்ரோஃபைபர் துண்டை விரித்து, அப்படியே படிய விட்டு, ஒரு ஓரத்தைப் பிடித்து நேராக இழுப்பேன். அழுத்தக் கூடாது. வட்டமாகத் தேய்க்கவே கூடாது. கதவு இடுக்கு, கைப்பிடி, பக்கக் கண்ணாடி எல்லாவற்றிலும் காற்று அடித்துத் தண்ணீரை வெளியே துரத்த வேண்டும். மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாம் கழற்றி டப்பாவில். துண்டு ஒரு முறை தரையில் விழுந்தால் அது டயர் துடைக்கப் போய்விடும், திரும்பி வராது. ஏழு வருஷத்தில் என் கை பட்டு ஒரு வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அந்தக் கறுப்புக் கார் வரும் வரை.

அதன் சொந்தக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் டார்ச் ஐயா. சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு டார்ச் வைத்திருப்பார். வண்டியை எடுக்க வந்தால் குனிந்து, நிமிர்ந்து, ஒவ்வொரு அங்குலமாக வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். முதல் செவ்வாய்க்கிழமை, டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடிக்கு மேலே நான்கு கோடுகள் இருந்தன. பக்கத்துப் பக்கத்தில், நீளமாக. அண்ணன் கழுவும் முன் நான் பார்த்தபோது அவை இல்லை. அதைச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

அடுத்த செவ்வாய் மறுபடியும் நான்கு கோடுகள். இந்தத் தடவை ஜன்னலுக்கு மேலே, கூரை தொடங்கும் விளிம்பில்.

"உங்க தங்கச்சி நகம் வளர்க்கிறாங்களா? கொஞ்சம் பாருங்க" என்றார் டார்ச் ஐயா.

அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? "கையக் காட்டு" என்றான். நாற்பது வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன். ஒட்ட வெட்டிய நகம். அந்த மனிதர் அதற்கும் டார்ச் அடித்துப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டார்ச்சைப் பிடுங்கி வீசியிருப்பேன். அண்ணன் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் போனதும் அண்ணன் மெதுவாகச் சொன்னான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீ அண்ணிகூட உள்ள உக்காந்து போன் எடு. துடைக்கிறதுக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்."

"என்னை நம்பலையா?"

"கோடு இருக்கே. நான் எதை நம்புறது?"

நான் அன்று இரவு சாப்பிடவில்லை. என் கூடப் பிறந்தவன். என் கையை அவனே நம்பவில்லை.

மூன்றாவது செவ்வாய் வந்தது. அண்ணன் வண்டியைக் கழுவி முடித்துவிட்டு, இன்னொரு வண்டியைக் கொடுத்துவர வெளியே போனான். டார்ச் ஐயா ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். மோதிரம் கழற்றினேன். துண்டுகள் மூன்றும் புதிதாகத் துவைத்தவை. என் போனை அலமாரியில் சாய்த்து வைத்து, வீடியோவை ஓட விட்டேன். கார் முழுவதும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். இன்றைக்குக் கீறல் விழுந்தால், யார் போட்டது என்று ஊரே பார்க்கட்டும்.

பிறகு என் சொந்த டார்ச்சை எடுத்து, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி கூரை முழுவதும் அடித்துக் காட்டினேன். ஒரு கோடு இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

மணி 5.52.

தண்ணீரை வழிய விட்டேன். குழாயை மூடினேன். ஆபீஸ் அறையில் அண்ணி அவள் தங்கையோடு போனில் பேசிச் சிரிப்பது கேட்டது. துண்டை எடுக்கத் திரும்பினேன்.

டொக்.

டிரைவர் பக்கக் கைப்பிடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அது சகஜம்தான், கைப்பிடிக்குப் பின்னால் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். காற்றுக் குழாயால் நன்றாக அடித்தேன். நின்றது. துண்டை விரித்துக்கொண்டு வந்தேன்.

டொக்... டொக்...

மறுபடியும் அடித்தேன். நின்றது. மூன்று எட்டு வைத்திருப்பேன். மறுபடியும் சொட்டியது. மணி 6.03.

குனிந்து பார்த்தேன். சொட்டுவது நல்ல தண்ணீர் இல்லை. பழுப்பு நிறம். அடைத்துக்கொண்ட சாக்கடையைத் திறந்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. அண்ணன்மேல்தான் கோபம் வந்தது. எந்தத் தொட்டித் தண்ணீரை எடுத்துத் தொலைத்தானோ என்று திட்டிக்கொண்டே கதவைத் திறந்தேன். உள்ளே சீட் காய்ந்திருந்தது. மிதியடி காய்ந்திருந்தது. வெளியே கைப்பிடி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அதை யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல, கைப்பிடி பாதி இழுபட்டு நின்றது.

ஸ்பிரிங் போயிருக்கும் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன். தட்டிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சொட்டுவது சட்டென்று நின்றது.

மணி 6.17. பெரிய துண்டைக் கூரைமேல் விரித்தேன். ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்தது. ஐந்து விநாடி ஊற விட வேண்டும். மனதுக்குள் எண்ணினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கூரை விளிம்பில், துண்டுக்கு அடியில், ஏதோ மேடாக எழுந்தது.

காற்றுக் குமிழ் என்று நினைத்தேன். குமிழ் ஒன்றுதான் இருக்கும்.

இது நான்கு.

நான்கு மேடுகள்... பக்கத்துப் பக்கத்தில்... மெதுவாக மேலே நகர்ந்தன.

சர்ர்ர்...

நகம் பெயின்ட்டில் இழுபடும் சத்தம். ஏழு வருஷமாக எந்தச் சத்தம் என் காதில் விழக் கூடாது என்று வேலை செய்தேனோ, அந்தச் சத்தம்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் பயம் வரவில்லை. இதனால்தானே என் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், இதனால்தானே என் அண்ணன் என்னை நம்பவில்லை என்றுதான் வந்தது. ஓங்கி, துண்டின்மேல் ஒரு அறை அறைந்தேன்.

என் உள்ளங்கையில் விரல் முட்டி எலும்பு இடித்தது.

சில்லென்று இருந்தது.

நான் கையை இழுத்துக்கொண்டேன். அது விலகவில்லை.

பக்கத்தில் இன்னொரு நான்கு மேடுகள் எழுந்தன. இரண்டாவது கை.

கார் என் பக்கமாகத் தாழ்ந்தது. படியில் காலை வைத்து ஒரு ஆள் ஏறினால் தாழுமே... அப்படி.

ங்ங்ங்க்... என்று ஸ்பிரிங் முனகியது.

எனக்கு மிக அருகில், யாரோ வாய் நிறையத் தண்ணீரோடு மூச்சு வாங்கினார்கள்.

நான் கத்தினேன்.

"இறங்கு. கையை எடு. பெயின்ட் கீறும்."

எல்லாம் நின்றது.

சர்ர் இல்லை. மூச்சு இல்லை.

மேடுகள் ஒவ்வொன்றாக அமுங்கின. கார் மெதுவாக, மிக மெதுவாக, பழைய உயரத்துக்கு வந்தது. சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு ஆள் இறங்கியது போல.

மணி 6.19.

அண்ணி ஓடி வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். "என்னம்மா, யார்கிட்ட கத்தின?" என்று கேட்டாள். நான் துண்டைக் கைகாட்டினேன். அவள்தான் துண்டை எடுத்தாள். கூரையில், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, நான்கு கோடுகள். பக்கத்தில் இன்னொரு நான்கு.

அண்ணன் திரும்பி வந்து வீடியோவை மூன்று தடவை பார்த்தான். வீடியோவில் மேடுகள் எதுவும் தெரியவில்லை. துண்டு சமமாகக் கிடக்கிறது. ஆனால் கார் தாழ்வது தெரிகிறது. என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. தாழ்கிற நேரத்தில் என் கையும் காரில் இல்லை. அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "நீ ஒண்ணும் பேசாத, நான் பேசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னான்.

ஏழு மணிக்கு டார்ச் ஐயா வந்தார். நேராகக் கதவில் வெளிச்சம் அடித்தார். ஜன்னல் விளிம்பில் அடித்தார். கூரையில் அடித்ததும் அந்த வெளிச்சம் ஆட ஆரம்பித்தது. கத்துவார் என்று இடுப்பில் கைவைத்து நின்றேன், பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. "கூரையிலயா?" என்று ஒரு வார்த்தை. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் பட்டறைப் பக்கம் வரவே இல்லை.

ஒரு மன்னிப்பு? ஒரு வார்த்தை? ஒன்றும் கிடையாது.

அடுத்த நாள் அண்ணன் தனக்குத் தெரிந்த பெயின்டரிடம் வீடியோவைக் கொண்டுபோனான். கீறல் மேலோட்டமானதா, பாலிஷ் போட்டால் போகுமா என்று கேட்கத்தான். நானும் கூடப் போனேன். பெயின்டர் கீறலைப் பார்க்கவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இந்த வண்டிக்கு நான்தான் மறுபடி பெயின்ட் அடிச்சேன்" என்றார். "வெள்ளத்துல மூழ்கின வண்டி இது. அடுக்குமாடிக்குக் கீழ இருக்குற பார்க்கிங்ல."

"அப்படியா? அவர் சொல்லவே இல்லையே" என்றான் அண்ணன்.

"எப்படிச் சொல்வாரு? மழை கொட்டும்போது டிரைவரைக் கூப்பிட்டு, போய் வண்டிய வெளிய எடுன்னு அனுப்பியிருக்காரு. இவன் உள்ள போனதும் தண்ணி புகுந்திடுச்சு. வண்டி கிளம்பல. வெளிய வரவும் வழியில்ல. கழுத்தளவு வந்ததும் போன் பண்ணிக் கேட்டிருக்கான், வண்டி மேல ஏறி நின்னுக்கட்டுமான்னு."

நான் கேட்டேன். "அவர் என்ன சொன்னாராம்?"

"ஏறாத, பெயின்ட் கீறும்னாராம். பம்பு வெச்சு எடுக்க ஆள் வருது, கதவைப் பிடிச்சுக்கிட்டு நில்லுன்னாராம். அதை அவன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கான். அதுதான் அவன் கடைசியாப் பேசினது. அந்தப் பொண்ணு அவன் செருப்பைத் தேடிக்கிட்டு என் பட்டறைக்கு வந்துச்சு, தங்கச்சி. அப்பதான் எனக்கே தெரியும்."

அவர் கையை விரித்து இரண்டு சாண் காட்டினார்.

"தண்ணி கார் கூரைக்கு மேல ரெண்டு சாண்தான் ஏறியிருக்கு. அடையாளம் சுவத்துல இருந்துச்சாம். ஏறி நின்னிருந்தா முழங்கால் அளவு. அவ்வளவுதான். வண்டி என்கிட்ட வந்தப்ப உடம்பெல்லாம் சேறு. கூரையைத் துடைச்சுப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல."

அண்ணன் அந்த வீடியோவை அழித்துவிடலாம் என்கிறான். என்னைப் பழையபடி துடைக்கச் சொல்லிவிட்டான், மன்னிப்பும் கேட்டுவிட்டான். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நான் வீடியோவை அழிக்கவில்லை. தினமும் ஒரு தடவை பார்க்கிறேன். மூன்று வாரமாக அந்த மனிதன் கதவிலிருந்து ஜன்னல் விளிம்பு, விளிம்பிலிருந்து கூரை என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறான். 6.18க்குக் கார் தாழ்கிறது. இரண்டு கைகளும் கூரைக்கு வந்துவிட்டன, இன்னும் ஒரே ஒரு எட்டுதான்.

6.19க்கு ஒரு குரல் கேட்கிறது. இறங்கு, பெயின்ட் கீறும்.

அது என் குரல்.