பத்து நிமிடம் யோசித்த எடை மேடை

திருவொற்றியூர் குப்பத்தில் யாராவது பெண் பார்க்கக் கிளம்பினால், முதலில் புஷ்பவல்லியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். கூடையை இறக்கி வைப்பதற்குள்ளேயே பதில் வந்துவிடும்.

"யாரு, குமாரவேலு அண்ணன் பொண்ணா? அவுங்க தாத்தாவும் உங்க தாத்தாவும் ஒரே வயித்துல பொறந்தவங்கடா. நீங்க பங்காளிங்க. பொண்ணு எப்டி எடுப்ப? போய் வேற எடம் பாரு."

இவருடைய மகள்தான் எங்கள் பக்கத்து வீட்டு கீர்த்தி அக்கா. வயது இருபத்து மூன்று. அம்மா வாயால் செய்யும் இதே வேலையைத்தான் மகள் கம்ப்யூட்டரில் செய்கிறாள். இதை அவளே ஒருநாள் அம்மாவிடம் சொன்னபோது, "இத்துக்கா மாசாமாசம் சம்பளம் குட்க்குறான்? நான் சும்மா சொல்லிகினு கீறனே!" என்று புஷ்பவல்லி உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அக்காவின் ஆபீஸ் எர்ணாவூரில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கன்டெய்னர் யார்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தருகிறார்கள். முதலாளி ராமசுப்பு அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முன்பு லாரி உதிரி பாகம் விற்றவர். நெற்றி நிறைய விபூதி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சாஃப்ட்வேர் எழுதும் கூட்டத்துக்குத் தலைவர் பெனிட்டோ சார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர், நல்ல குரல்.

அக்காவுக்கு அங்கே ஆறு மாதப் பயிற்சிக் காலம். அது முடியும்போது பெனிட்டோ சார் ஒரு அறிக்கை எழுதுவார். அதில் நல்லதாக எழுதினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வீடு. ஐந்தரை மாதம் ஆகியிருந்த நேரத்தில் ஒரு புது யார்டிலிருந்து புகார் வந்தது. தினமும் ஏதோ ஒரு நேரத்தில் வெளியே போகும் கேட் படுத்துக்கொள்கிறது. லோடு லாரி எடை மேடையில் ஏறினால் திரையில் 'எடை சரிபார்க்கப்படுகிறது' என்று வந்து, ஒவ்வொரு லாரிக்கும் பத்து நிமிடம் கேட் திறப்பதில்லை. பின்னால் எண்ணூர் ரோடு வரைக்கும் லாரி நிற்கிறது. எடை மேடையைக் கழற்றிப் பார்த்தார்கள். வயரை மாற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"கீர்த்தி, இதை நீ பாரு. ரெண்டு வாரம் டைம்" என்றார் பெனிட்டோ சார். ஏன் அவளிடம் கொடுத்தார் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அக்கா ஒரு வாரம் யார்டு கேட்டிலேயே உட்கார்ந்து நேரத்தைக் குறித்தாள். திங்கள் காலை ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய் மூன்று முதல் நாலரை. புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. ஒருநாள் போல் ஒருநாள் இல்லை. ஆனால் தினமும் சரியாக ஒன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றுகொண்டிருந்த டிரைவர் தப்ரேஸ் லாரியிலிருந்து இறங்கி வந்து நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ராவுகாலத்த எய்தி வெச்சிகினு கீற?"

"என்னது?"

"திங்கள் ஏழர, செவ்வா மூணு... எல்லாம் ராவுகாலம்தானே. இன்னிக்கி பத்தர. இப்ப மணி இன்னா? பதினொண்ணு. கரீட்டா கீதா?"

"உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?"

"என் ஓனரு அந்த நேரத்துல செக்குல கையெழுத்துகூட போட மாட்டாரு. பத்து வருசம் அவராண்ட வண்டி ஓட்டுனா மனப்பாடம் ஆவாம இன்னா ஆவும்? ஆனா ஒண்ணு, மிசினு ராவுகாலம் பாத்து இப்பதான் பாக்குறேன்."

ஆபீசில் இதைச் சொன்னதும் எல்லோரும் அண்ணாச்சியின் மூடிய கதவைப் பார்த்தார்கள். அந்த விபூதியைத் தவிர வேறு யாருக்கு இந்த எண்ணம் வரும்? முதலாளி வைத்த வேலையை யார் தோண்டுவது? ஆளாளுக்கு அவரவர் திரைக்குத் திரும்பிவிட்டார்கள். அக்காவுக்கு மட்டும் விட மனசில்லை. மாதக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த சாஃப்ட்வேர் எழுநூறு நிரல் துண்டுகளால் ஆனது. ஒரு துண்டு இன்னொன்றைக் கூப்பிடும், அது வேறொன்றைக் கூப்பிடும். 'கேட்' என்று தேடினால் இருநூறு இடத்தில் வருகிறது. 'ராகு' என்று தேடினால் எங்கேயும் வரவில்லை. அப்போதுதான் அக்கா லாஜிக் டேட்டாபேஸை எடுத்தாள்.

இது என்னவென்று அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். சாதாரண டேட்டாபேஸில் பட்டியல் இருக்கும். கேட்டால் பட்டியலில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். லாஜிக் டேட்டாபேஸில் பட்டியலோடு விதிகளையும் எழுதி வைக்கலாம். இவர் இவருக்கு மகன், அவர் அவருக்கு அண்ணன் என்று தெரிந்ததை மட்டும் கொடுத்து, யார் யாரெல்லாம் பங்காளி என்பதற்கு ஒரு விதியையும் கொடுத்துவிட்டால், நாம் எழுதவே எழுதாத பங்காளிகளை அது தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும். புஷ்பவல்லி செய்வதும் அதேதான், டேட்டாபேஸிடம் கூடை மட்டும் இருக்காது.

அக்கா சொந்தக்காரர்களுக்குப் பதிலாகத் துண்டுகளைக் கொடுத்தாள். எது எதைக் கூப்பிடுகிறது, எது கிழமையைப் பார்க்கிறது, எது கடிகாரத்தைப் பார்க்கிறது, எதை யார் எந்தத் தேதியில் எழுதினார்கள் என்ற எல்லாவற்றையும் அந்தத் துண்டுகளிலிருந்தே ஒரு சின்ன நிரல் உருவி எடுத்துக் கொடுத்தது. பிறகு ஒரு விதி: ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டால் அதுவரை அதன் கை எட்டும். கூப்பிடப்பட்டதன் கை எங்கெல்லாம் எட்டுமோ அங்கெல்லாம் கூப்பிட்டதன் கையும் எட்டும். கடைசியில் கேள்வி: கிழமையையும் பார்த்து, மணியையும் பார்த்து, கேட் பூட்டு வரை கை எட்டுகிற துண்டு எது?

பதில் வந்தது. ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் அதை நம்பி அலைந்தாள். அப்புறம்தான் உறைத்தது. நாம் சொல்லாததை அந்த டேட்டாபேஸ் 'தெரியாது' என்று சொல்லாது, 'இல்லை' என்றே சொல்லும். அதன் சுபாவம் அப்படி. அவளிடம் கொடுக்கப்பட்டிருந்த ஃபோல்டரில் அறுநூற்று அறுபது துண்டுகள்தான் இருந்தன. மீதி நாற்பது எங்கே?

"அது பழசும்மா. நம்ம முதல் யார்டுக்கு எழுதினது. அதுல ஒண்ணும் இல்ல" என்றார் பெனிட்டோ சார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா யார்டுக்குப் போய், அங்கே ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரிலிருந்தே முழுசாக எடுத்து வந்தாள். மறுபடி அதே கேள்வி. இந்த முறை ஒரே ஒரு பதில்: 'எடை சரிபார்ப்பு'. எழுதியது யார் என்று கேட்டாள். அதற்கும் ஒரே பதில்தான்.

பெனிட்டோ.

திரையைச் சட்டென்று மூடிவிட்டாள். புதுப் பெண் கண்டுபிடிக்க மாட்டாள் என்றுதான் இந்த வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார். அவளுடைய அறிக்கையை எழுதப்போவதே அவர்தான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கேட் திறக்காது, அப்போதும் வேலை போகும். அன்று சாயங்காலம் வீட்டில் சங்கரா மீன் குழம்பு. தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, சோத்தப் பாத்து கேள்வி கேட்டுகினு கீற?" என்றார் அம்மா.

அக்கா நடந்ததைச் சொன்னாள். புஷ்பவல்லி முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, "பங்காளின்னு நான் வாயத் தொறந்து சொன்னா என்னைத்தான் திட்டுவானுங்க. அதனால அவுனையே தாத்தா பேர சொல்லச் சொல்லுவேன். அவன் வாயாலயே வந்துரும். அப்பால யாரத் திட்டுவான்?" என்றார்.

புதன்கிழமை அண்ணாச்சியின் அறையில் கூட்டம். யார்டுக்காரர்கள் ஒப்பந்தத்தை முறிப்பதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி கொதித்துக்கொண்டிருந்தார்.

"ராகு காலமாம்! நான் வச்சேன்னு ஆபீஸ் முழுக்கப் பேசுதியளாமே. ஏம்மா, நான் கோயிலுக்குப் போறவன்தான். அதுக்காக ஊரான் லாரியப் பிடிச்சு நிறுத்துவனா? நாலு டிரைவரு என் தலையில மண்ணள்ளிப் போடவா? யாரு வச்சதுன்னு சொல்லு."

கீர்த்தி லேப்டாப்பைப் பெனிட்டோ சார் பக்கம் திருப்பினாள். "எல்லாம் உள்ள இருக்கு சார். எனக்கு டைப்பிங்ல தப்பு வரும். நீங்களே கேளுங்க."

'எழுதியது யார்' என்ற கேள்வியை அவர் மெதுவாக அடித்தார். வேண்டுமென்றே ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தார். "சார், அங்க ஒரு துணைக்கால் விட்டுட்டீங்க" என்று அவள் பணிவாக எடுத்துக் கொடுத்தாள். என்டர் தட்டினார். அவர் பெயர் வந்து நின்றது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். "பெனிட்டோ? நீயாடே?"

"அண்ணாச்சி... முதல் யார்டு திறந்தப்போ ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. கேட் கம்பி விழுந்துச்சு. கீழ என் பைக். வாங்கி மூணு நாள்தான். டேங்க் ஒடுங்கிருச்சு. ஒரு டிரைவரு 'ராவுகாலத்துல தொறந்தா இப்டித்தான்'னு சொல்லிட்டுப் போனான். எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஒரு பாதுகாப்புக்கு, அந்த நேரத்துல வண்டி வந்தா பத்து நிமிசம் நிறுத்தி வைக்கிற மாதிரி எழுதி, எடைன்னு பேரு போட்டேன். அங்க ஒரு நாளைக்கு ஆறு லாரி, யாருக்கும் தெரியல. அதையே புது யார்டுலயும் போடுவோம், முந்நூறு லாரி வரும்னு நான் கண்டேனா?"

"சர்ச்சுல தெரியுமாடே?"

"சத்தியமா தெரியாது அண்ணாச்சி. தயவுசெஞ்சு..."

அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. விபூதி கொட்டும் அளவுக்குச் சிரித்தார். அந்தத் துண்டை அப்போதே எடுக்கச் சொன்னார். மறுநாள் வியாழன், ராகு காலம் தொடங்கும் ஒன்றரை மணிக்குத் தப்ரேஸின் லாரி எடை மேடையில் ஏறி, நிற்காமல் இறங்கிப் போனது.

"இப்ப இந்தப் பிள்ளைக்கு அறிக்கை எழுது. இங்கனயே, என் முன்னாடியே" என்றார் அண்ணாச்சி, சேதி வந்த கையோடு. அப்போது மணி இரண்டு.

பெனிட்டோ சார் பேனாவைக் கடித்தார். கடைசியில் இரண்டே வரி எழுதினார்: 'கேட்கக் கூடாததையெல்லாம் கேட்கிறார். வேலையில் நிரந்தரமாக்கலாம்.'

கீர்த்தி அக்கா அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"கையெழுத்து போடல, சார்."