இலவசம் என்றேன், ஒருவரும் வரவில்லை

சுனாமி முகாம்களில் தொண்டு நிறுவனமொன்றின் சம்பளத்துக்கு யோகா படிப்பித்தவள் நான். நாட்டில் சண்டை முடிந்ததும் செங்கலடியில் மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் தொடங்கினேன். நம்மட சனத்திடம் காசு கேட்கக் கூச்சப்பட்டு, இலவசம் என்றேன்.

முதல் நாள் மண்டபம் நிறையப் பெண்கள். பக்கத்து வளவு மாலாக்கா கேட்டா: "எங்க, தங்கச்சி, கையெழுத்து வைக்கிற? பாய் எப்ப தருவீங்க?" நிவாரணம் என்றே நினைத்திருக்கிறார்கள்! ஒன்றும் தரமாட்டேன் என்றதும் மறுநாள் ஒருவரும் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. வாடகையோடு என் உழைப்புக்கும் விலை போட்டு, மாதக் கட்டணத்தை வாசலில் எழுதித் தொங்கவிட்டேன். வயல்காரர் வெள்ளாமை வெட்டியபின் தரலாம் என்றும் சேர்த்தேன். கொஞ்ச நாளில் பாய் விரிக்க இடமில்லை.

இப்போதெல்லாம் விலையைச் சொல்லித்தான் வகுப்புத் தொடங்குகிறேன். ஒருநாள் பிந்திப் போனேன். வாசலில் மாலாக்கா, சொந்தப் பாயோடு: "காசு கட்டிப் படிக்கிறம் தங்கச்சி, நேரத்துக்கு வாங்க!"