ஒரே பின், முப்பத்திரண்டு வரிசை

குறி பார்க்க ஒற்றைப் பின்னை நம்பிப் போகிறேன் என்று என்னைக் கேலி செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நான் வேலை பார்க்கும் விழுப்புரம் கல்லூரியின் வில்வித்தைப் பயிற்சியாளர். இன்னொருவர் என் வீட்டுக்காரர். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், வில்லைத் தொட்டதே இல்லை. ஆனால் வாய் மட்டும் ஓயாது.

கல்லூரி மைதானத்தில் நான் உதவியாள். பிள்ளைகள் எய்த அம்புகளைப் பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து தருவதுதான் வேலை. எட்டு வருஷம் பிடுங்கினேன். ஒரு சாயங்காலம் எல்லோரும் போனதும் ஒரு வில்லை எடுத்து இழுத்துப் பார்த்தேன். பயிற்சியாளர் பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "தோளை இறக்குங்கம்மா" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான். படிப்பு முடித்துப் போன ஒரு மாணவியின் இரண்டு முனையிலும் கப்பி வைத்த பழைய காம்பவுண்ட் வில் என் கைக்கு வந்தபோது எனக்கு வயது முப்பத்தெட்டு.

மாவட்டத் தேர்வுப் போட்டி திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் நடந்தது. வேட்டையாடுவது நம் நாட்டில் குற்றம். அதனால் நுரையில் செய்த பன்றியையும் மானையும் தோப்புக்குள் அங்கங்கே நிறுத்தியிருப்பார்கள். வேட்டைக்குப் போவது போலவே நடந்து நடந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு அம்பு எய்ய வேண்டும். எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அளக்கும் கருவியும் கூடாது. பெண்களில் முதலாவதாக வரும் ஒருத்திக்கு மட்டும் மாநில அணியில் இடம். அந்த இடம் எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டியிருந்தது.

வில்லில் குறி பார்க்க ஒரு சைட் மாட்டுவார்கள். ஐந்து பின் சைட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஐந்து புள்ளிகள் தெரியும். இருபது மீட்டருக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று என்று. எதையும் திருக வேண்டாம், சட்டென்று எய்யலாம். ஒற்றைப் பின்னில் ஒரே புள்ளிதான். பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் திருகித் தூரத்தை நாமே வைக்க வேண்டும். வைத்தது சரியென்றால் புள்ளி இருக்கும் இடத்தில் அம்பு போகும். தப்பென்றால் பன்றியைத் தாண்டி மணலில் குத்தும்.

"அஞ்சு இருக்கறப்ப ஒண்ண மாட்டிக்கினு இன்னாமே பண்ணப் போற?" என்றார் வீட்டுக்காரர்.

"யோவ், உன் ஆட்டோவுல அஞ்சு ஹாண்டில் பாரா வச்சிக்கினு ஓட்டுற?"

வீட்டுக்காரரிடம் இப்படிப் பேசிவிடலாம். பயிற்சியாளரிடம் அப்படிப் பேச முடியுமா? "தோப்புக்குள்ள தூரம் கணிக்கறது கஷ்டம்மா. படிச்ச பிள்ளைங்களே தடுமாறுவாங்க. அஞ்சு பின்னே போடுங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனாலும் 'படிச்ச பிள்ளைங்களே' என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே ஒற்றைப் பின்னை மாட்டி முறுக்கிவிட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. என் பிறந்த வீடு விக்கிரவாண்டிப் பக்கம். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. ஊரார் நிலத்தில் சவுக்கு நட்டு வளர்ந்தவள் நான். ஒரு மீட்டர் தள்ளிக் கயிறு பிடி, நடு, மறுபடி ஒரு மீட்டர் தள்ளு. அதுதான் கணக்கு. சவுக்குத் தோப்பில் நின்றுகொண்டு தூரம் தெரியவில்லை என்று நான் சொன்னால் என் ஆத்தா மூஞ்சியில் எப்படி முழிப்பேன்? வரிசையை எண்ணினால் போதும்.

முதல் ஆறு குறியும் அப்படித்தான் போயின. எண்ணு, திருகு, எய். ஐந்து பின் வைத்திருந்த ஒரு கல்லூரிப் பெண் இரண்டு புள்ளி பின்னால் இருந்தாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்பதும் உண்மை.

ஏழாவது, தோப்பின் கோடியில் ஒரு பன்றி. எண்ணினேன், முப்பத்திரண்டு வரிசை. முப்பத்திரண்டு வைத்தேன். அம்பு பன்றியின் முதுகுக்கு மேலே பறந்து போய் மணலில் புதைந்தது. பின்னால் நின்ற பயிற்சியாளர் 'த்சொ' கொட்டியது காதில் விழுந்தது. மறுபடி எண்ணினேன். அதே முப்பத்திரண்டு.

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். ரோடும் தெரியவில்லை, தோப்புக்காரரின் ஷெட்டும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சனியனே, நீ செய்யாததா என்று என்னையே திட்டிக்கொண்டேன். செடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. முதலாளி கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் கயிற்றை ஒரு மீட்டர் தள்ளுவோம். அவர் கண் எட்டாத கோடிக்குப் போனதும் முக்கால் மீட்டர்தான் தள்ளுவோம். நிலம் அதேதான், செடி மட்டும் கூடும். எங்கள் ஊரில் சவுக்கு நட்ட ஒரு பெண்ணும் இதைச் செய்யாமல் இருந்ததில்லை.

முப்பத்திரண்டில் முக்கால், இருபத்திநாலு. சக்கரத்தைத் திருகினேன். இரண்டாவது அம்பு பன்றியின் நெஞ்சில் நடுவட்டத்தில் போய் நின்றது.

கோடியில் மிச்சமிருந்த ஐந்து குறிக்கும் முக்கால் கணக்குத்தான். அந்தக் கல்லூரிப் பெண் நன்றாகவே எய்தாள், நான் அவளைவிட நன்றாக எய்தேன். மூன்று புள்ளியில் ஜெயித்தேன். அவள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். என் பெயரை மைக்கில் கூப்பிட்டபோது நெஞ்சு நிமிர்ந்து நின்றதை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

பரிசு கொடுத்தவர் தோப்புக்காரர். "நம்ம தோப்புல வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர். துளி பிசகாது" என்று பெருமையாகப் பேசினார். பயிற்சியாளர் என்னிடம் வந்து, "மொத அம்பு அவ்ளோ மேல போச்சே, அப்புறம் எப்படிம்மா தூரத்தைப் புடிச்சீங்க?" என்று கேட்டார். தோப்புக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், வந்தவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்த கூலிக்காரப் பெண்கள் மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

படிக்காதவள் எப்படிக் கணித்தாள் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்ல நாக்கு துறுதுறுத்தது.

"கண்ணளவுதான் சார்" என்றேன்.

கூட்டம் கலைந்ததும் அந்த மூவரில் மூத்தவள் ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"விக்கிரவாண்டிப் பக்கம்."

அவள் தோப்புக்காரரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலை இறக்கினாள். "அங்கயும் முக்காலா?"

"முக்கால்தான்க்கா."