அடுப்பில் வைத்த பாலன்

பேத்தி பாலிமர் களிமண்ணில் கட்டைவிரல் உயரப் பொம்மை செய்தாள். முகத்தில் பதிந்த கைரேகையைத் தேய்த்துத் தேய்த்து அழித்தவள், உடனே ஓவனில் வைக்கப் போனாள்.

"ஏட்டி, காயாம வச்சா வெடிச்சிரும்!"

"இது வெடிக்காது தாத்தா" என்று சிரித்தாள்.

என் சிறுவயதில், பூதப்பாண்டி ஊரில் இருந்த எங்கள் வீட்டில், கிறிஸ்துமஸ் குடிலுக்காக அக்கா வயல் களிமண்ணில் பாலன் இயேசு செய்தாள். ஈர்க்குச்சியால் விரல்களைப் பிரிக்கவே ஒரு பகல் போனது. நிழலில் காயட்டும் என்றாள். பொறுமையில்லாமல் நான் அதை அடுப்புத் தணலில் வைத்தேன். பட்டென்று வெடித்தது.

"ஆருலே வச்சது?" என்றாள் அம்மா. நான் வாய் திறக்கவில்லை.

"நாந்தாம்மா" என்றாள் அக்கா.

அம்மா குடிலின் வெறும் முன்னணைத் தொட்டியில் வைக்கோலைப் பரப்பினாள்.

இன்று, அருமனையில் இருக்கும் அக்காவைப் போனில் அழைத்து உள்ளதைச் சொன்னேன்.

"அம்மைக்கு அப்பவே தெரியும் மக்கா. நீயே சொல்லுவேன்னு சாவுற வரைக்கும் பாத்துட்டு இருந்தா."