விதிமுறையில் இல்லாத விதி

மூன்று வருடங்களுக்கு முன், கரும்பு வெட்டுக் காலத்தில் நடந்தது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வாசகர் வட்டம் ஒரு கவிதைப் போட்டி வைத்தது. வருவாய்த் துறையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் என்பதால், விதிமுறைகளை எழுதுவதும் வருகிற படைப்புகளைச் சரிபார்ப்பதும் என் தலையில் விழுந்தன. பரிசுக் கவிதையை விழா மேடையில் வாசிப்பார்கள். அதற்கு முன் வாழ்த்துக் கவிதை. அது வழக்கம்போல் என்னுடையது.

வந்தவற்றில் பாதி நிலா, மீதி மழை. நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டே படித்தேன். கடைசியாக, கல்வராயன் மலையிலிருந்து ஒன்று.

‘குனிந்து தரையோடு வெட்டுவாள் அம்மா,
இனிப்பு அடியில் இருப்பதால்.
நுனியைக் கழித்து மாட்டுக்குப் போடுவாள்.
வரிகளை நானும் அப்படித்தான்.’

காப்பி ஆறிப்போனது. நாற்பது வருடமாக எழுதுகிறேன். இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. என் வாழ்த்துக் கவிதையை எடுத்துப் பார்த்தேன். முழுக்க நுனி.

பிறகு உறுதிமொழிப் படிவத்தைப் பார்த்தேன். ‘சொந்தப் படைப்பு’ என்ற இடத்தில் எழுதியவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை. கீழே ‘அம்மா’ என்று எழுதியிருந்தார். எனக்கு அது போதும். நிராகரித்து, போனில் தகவல் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் தாயும் மகனும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். மகனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவரும் கரும்பு வெட்டுகிறவர்தான்.

“அம்மா ரேக வச்சதுல இன்னா தப்புங்க, சார்?”

“இரண்டு பேர் சேர்ந்து எழுதியதை ஏற்க முடியாது. விதி” என்றேன். அப்படி ஒரு விதியே இல்லை. விதிகளை எழுதியவனே நான்தானே?

“நான் இன்னாடா எழுதுனேன்? கரும்புதான வெட்டிக்கினு கெடந்தேன்” என்றார் அந்த அம்மா.

“நீ வெட்டுனதத்தான் எழுதியிருக்கேன். கம்முனு இரு.”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “சாமி, என் ரேகைய அடிச்சிட்டு இவன் கையெழுத்த மட்டும் வச்சுக்குங்க.”

பேனாவை மகனிடம் நீட்டினேன். வாங்க மாட்டார் என்று தெரிந்தேதான் நீட்டினேன். அவர் படிவத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“உன்ன அடிச்சிட்டு எனக்கு இன்னாத்துக்கு பரிசு? வாம்மா, பஸ்ஸு போயிடும்.”

படியிறங்கும்போது அந்த அம்மா மகனைத் தேற்றிக்கொண்டு போனார். “கோச்சிக்காதடா. சட்டம் தெரிஞ்ச பெரியவரு, பொய்யா சொல்வாரு?”

விழாவில் ஒரு நிலாக் கவிதை பரிசு வாங்கியது. எனக்கும் கைதட்டினார்கள். அடுத்த வருடம் மலையிலிருந்து எதுவும் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் தபால் கட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன்.

அந்த நான்கு வரிகள் எனக்கு மனப்பாடம். நினைத்தால் இன்றைக்கும் முதலில் வருவது பொறாமைதான், வெட்கம் அதன் பின்னால்தான் வந்து சேருகிறது.