வெர்லினின் வலது கால்

வெர்லின் கிராடக்வில், எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் லாரியை முப்பத்தெட்டு வருஷமாக ஓட்டுகிறவர். நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் புல்வெளியில் மாடு வளர்க்கிறவர். வாய்த்துடுக்கு அதிகம். பயம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது, என்னையும் சேர்த்து.

லாரி அறுபத்தொன்பதாம் வருஷத்தது. நெருப்புப் பக்கம் போனால் கார்பரேட்டரில் பெட்ரோல் கொதித்து இன்ஜின் நின்றுவிடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சொல்கிற அளவில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷனை மாட்டலாம் என்று, குழுவின் மெக்கானிக்கான நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பெட்ரோல் பம்பை வெளியே தொங்கவிடும் மலிவுச் சாமான் வேண்டாம், அதுவும் சூடேறித் தொலையும். டேங்குக்குள்ளேயே பம்ப் இருப்பதாகத் தேடிப் பிடித்தேன். புகைக்குழாயில் ஒரு சென்சார். அது மோந்து பார்த்துச் சொல்வதை வைத்துப் பெட்ரோல் கூடும், குறையும். ஒரு வாரம் வேலியோரமாக ஓட்டி ஓட்டி அந்தக் கம்ப்யூட்டரைப் பழக்கினோம். சத்தம் காதைக் கிழிக்கிறது என்று அவர் புலம்பியதால், லாரி சும்மா நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். குறைத்திருக்கக் கூடாது.

"வெர்லின், ஸ்டார்ட் பண்றப்ப ஆக்ஸிலேட்டரைத் தொடவே கூடாது. முழுசா மிதிச்சா, இன்ஜின் பெட்ரோல்ல முழுகிப்போச்சுன்னு கம்ப்யூட்டர் நெனச்சு பெட்ரோலையே நிறுத்திடும்."

"ஏம்மா மார்லா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் லாரி ஓட்டறேன்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஆகஸ்டில், பட்டப்பகலில், பக்கத்துப் பண்ணையின் புல் பற்றிக்கொண்டது. அவர் ஓட்டினார். நான் பின்னால் நின்று ஹோஸால் தண்ணீர் அடித்துக்கொண்டே போனேன். திடீரென்று காற்று திரும்பி நெருப்பு நேராக எங்களைப் பார்த்து வந்தது. அவர் பிரேக் போட்டார். புகை மூடியது. நான் குறைத்து வைத்த வேகத்தில் இன்ஜின் இரண்டு முறை திணறி நின்றுவிட்டது.

பின்கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், அவர் முழங்கால் ஏறி ஏறி இறங்குகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விடுகிறார். பழைய லாரியைக் கிளப்புகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. "காலை எடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தனி மோட்டாரில் ஓடும் தண்ணீர் பம்பின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. நெருப்பு நாற்பது அடியில் இருந்தது. அதைத் தள்ளி நிறுத்தியது என் கையிலிருந்த ஹோஸ் மட்டும்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கீழே போட மனசு வரவில்லை. விட்டுவிட்டுக் குதித்தேன்.

கதவைத் திறந்தால் அவர் முகம் வெளுத்துக் கிடந்தது.

"காலை எடுங்க, வெர்லின்."

"எடுத்துட்டேன்."

கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்கன்னா."

"எடுத்துட்டேம்மா, எடுத்துட்டேன்."

அவர் பூட்ஸை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்தேன். "இப்பச் சாவியைத் திருப்புங்க." ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவர் மடியில் நான் குப்புறக் கிடக்க, கதவு அடித்துக்கொள்ள, நெருப்பு மெலிந்த இடம் பார்த்து அவர் லாரியைப் பாய்ச்சினார். என் முழங்கை ரோமம் கருகியது. அந்தப் பக்கம் ஏற்கெனவே எரிந்து முடிந்த கரிநிலம். இனி எரிய ஒன்றுமில்லை.

லாரியை நிறுத்தி, இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டார். இன்ஜினை அணைக்கவில்லை.

"அணைங்க, கொஞ்சம் ஆறட்டும்" என்றேன்.

"மாட்டேன்" என்றார். "நான் பொய் சொல்லல மார்லா. நெஜமாவே எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன்."