வருபவர்களுக்கான கதிரை

எங்கள் வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் இருந்தன. ஒன்று வருபவர்களுக்கு, மற்றது அம்மாவுக்கு.

வருபவர்களுக்கான கதிரை சிவப்பு. மாமா கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது அதை ஓட்டமாவடியில் வாங்கி, பஸ்ஸில் தனக்குப் பக்கத்தில் ஓர் ஆளைப்போல இருத்திக் கொண்டுவந்தார். அதன் முதுகில் சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்ற அம்மா விடவில்லை. கிராம சேவகர், கோயில் தலைவர், கிளினிக் மிஸ் என்று யார் வந்தாலும் அது முற்றத்துக்கு வரும். அதில் ஒருவர் அமர்ந்ததும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வீட்டு ஆட்கள் அதில் இருக்கக்கூடாது என்று யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனால் யாரும் இருந்ததில்லை. நான் ஒருமுறை ஏறி இருந்தேன். அம்மா பார்த்த பார்வையில் தானாக இறங்கிவிட்டேன்.

அம்மாவின் கதிரை ஒரு காலத்தில் நீலமாக இருந்ததாம். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அது மழைக்கால வாவியின் நிறம். அப்பாவின் பாரம் தாங்காமல் அது குறுக்கே வெடித்தபோது, அவர் அதைத் தூக்கி எறியப் போனார். அம்மா மறித்துவிட்டார். ஓர் ஆணியைக் குசினி அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, வெடிப்பின் இரண்டு கரையிலும் வரிசையாகத் துளை போட்டு, வலை தைக்கும் நைலோன் நூலால் இழுத்துத் தைத்தார். பிறகு முதுகு வெடித்தது. அதையும் தைத்தார். பச்சை நூல் முடிந்த இடத்தில் செம்மஞ்சள், அது முடிந்த இடத்தில் வெள்ளை. அந்தக் கதிரையில் இருந்துகொண்டுதான் அப்பாவின் வலையையும் தைப்பார். படலை திறக்கும் சத்தம் கேட்டால் போதும், அது குசினிக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தபடி நிற்கும்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஓவியர் அக்கா ஒருவர் புளியந்தீவு டவுனிலிருந்து ஸ்கூட்டியில் எங்கள் வாவிக்கரைக்கு வரத் தொடங்கினார். தோணிகளையும் கண்டல் மரங்களின் வேர்களையும் பெரிய கொப்பி ஒன்றில் கீறுவார். நாங்கள் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று, அவர் கை போகும் திசையெல்லாம் தலையை ஆட்டுவோம். ஒருநாள் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சிவப்புக் கதிரை முற்றத்துக்கு வந்தது. நான் செம்புடன் ஓடினேன். குடித்துவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், குசினிக்குப் பின்னால் தைத்த கதிரைக்கு முன்னால் குந்தியிருந்தார்.

அம்மா பதறிப்போனார். "ஐயோ தங்கச்சி, அதப் பாக்காதீங்க. அது உடைஞ்சது."

"அக்கா, இத ஆர் தைச்சது?"

"நான்தான். வேலயில்லாம இருந்த நேரம் தைச்சது."

"இதக் கீறட்டா?"

அம்மா என்னைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டதா என்று அந்தப் பார்வை கேட்டது.

ஓவியர் அக்கா பல நாட்கள் வந்து கீறினார். கீறாத நேரங்களில் தன் போனில் எங்களுக்குப் படங்கள் காட்டினார். எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் செய்த பொருட்கள். மீன் முள்ளைப்போல ஒரு விளக்கு. கயிற்றாலேயே பின்னிய ஓர் அலுமாரி. காலே இல்லாமல் சுவரில் தொங்கும் ஒரு கதிரை. அப்பா கடைசிப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதில எப்பிடி இரிக்கிற?"

"இரிக்க ஏலாது அண்ணன். பாக்கத்தான்."

"இஞ்சயும் ஒண்டு கிடக்கு, இரிக்கப் பயம். அப்ப அதுவும் பாக்கத்தான்" என்றார் அப்பா. அம்மா வலை ஊசியால் அவருடைய முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

நான் பார்த்தது வேறு. அந்த அக்கா சிறுவர் புத்தகங்களுக்கும் படம் கீறுகிறவர். தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டி, அதிலிருந்த கொக்கைத் தானே கீறியதாகச் சொன்னார். அதுவரை புத்தகத்துப் படங்கள் எழுத்துகளோடு சேர்ந்து அச்சகத்திலேயே விளைகின்றன என்று நினைத்திருந்தேன். ஒரு பெண், கையில் மை பட, குந்தியிருந்து கீறுகிறாள். அதற்குப் பெயரும் உண்டு, அது ஒரு தொழிலும்கூட. அன்றிலிருந்து என் கொப்பிகளின் ஓரமெல்லாம் கொக்குகள். இன்று பல்கலைக்கழகத்தில் கட்புலக்கலை படிக்கிறேன். சிறுவர் புத்தகம் ஒன்றில் என் பெயரும் இருக்கிறது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்ததில் எழுத்து எட்டாமல் போன அம்மாவும் அப்பாவும், அந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள்.

புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைக்கப்போவதாகவும், அதற்கு அம்மாவின் கதிரை வேண்டும் என்றும், படம் கீறி முடித்த ஓவியர் அக்கா ஒருநாள் கேட்டார். வீட்டுக்கு வந்தவர் வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்லி அம்மாவுக்குப் பழக்கமில்லை. தலையாட்டிவிட்டார். நான் மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் கதிரை டவுனுக்குப் போகிறது. எங்கள் அம்மா தைத்தது.

செய்தி வேலி தாண்டிப் போனது. அடுத்த வளவில் இருந்த மாமி, அப்பாவின் அக்கா, வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "என்னகா மச்சாள், உடைஞ்ச கதிரைய டவுனுக்கு அனுப்பப் போறியாம்? நாலு பேர் வாற இடம். என்ர தம்பி வீட்டில இரிக்க ஒரு கதிரையில்ல எண்டு கதைக்க மாட்டாங்களா?"

 அன்றிலிருந்து வலை தைக்கும்போது அம்மாவின் கை அடிக்கடி நின்றது.

கதிரையை ஏற்ற ஓட்டோ வந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். திரும்பி வந்து நேராகக் குசினிக்குப் பின்னால் ஓடினேன். தைத்த கதிரை சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றது. உள்ளே சிவப்புக் கதிரையின் இடம் வெறுமையாக இருந்தது. பொலித்தீன் மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா அதைக் கழற்றி, கதிரையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முதன்முதலாக வெளியே போகும் பொருள் என்று சந்தனப் பொட்டும் வைத்து, நல்ல போர்வையில் சுற்றி அனுப்பியிருந்தார்.

"அது இல்லம்மா, இது! அவங்க கேட்டது இது!" என்று அழுதேன்.

"படிக்கிற புள்ளதானே நீ? சபைக்கு எத அனுப்புற எண்டு தெரியாதா?" என்றார் அம்மா.

"இனி வாற ஆக்கள எங்க இருத்திற? என்ர மடியிலயா?" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பில் என்ன சொல்வேன் என்பதுதான் என் துயரம். ஓவியர் அக்கா கோபித்துக்கொண்டு இனி வரமாட்டார் என்பது அடுத்தது. இரவு அவர் அப்பாவுக்குப் போன் எடுத்து, "கதிரை வந்திட்டுது, மூணு பேரும் கட்டாயம் வாங்க" என்று மட்டும் சொன்னாராம். அம்மா, பார்த்தாயா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

கல்யாணத்துக்கு உடுக்கும் சாறியை உடுத்துக்கொண்டு அம்மா வந்தார். பஸ்ஸில் போய், வெயிலில் பாலம் தாண்டி நடந்தோம். மண்டபத்துக்குள் பால்மா வரும் தகரப் பேணிகளால் செய்த ஒரு யானையும், வலை மிதவைகளால் கோத்த ஒரு திரையும், சுவர் நிறைய ஓவியங்களும் இருந்தன. அப்பா யானையின் காலைத் தட்டி, எந்தப் பால்மா என்று பார்த்தார்.

கடைசிச் சுவரில் அம்மாவின் கதிரை இருந்தது. அப்பாவைவிட உயரமான தாளில், கறுப்பு மையில். நூலுக்கு மட்டும்தான் நிறம். பச்சை, செம்மஞ்சள், வெள்ளை. ஒரு தையல் விடாமல் இருந்தது. அதற்கு முன்னால், படத்தைப் பார்த்தபடி, சந்தனப் பொட்டோடு எங்கள் சிவப்புக் கதிரை. வந்தவர்கள் ஒவ்வொருவராக அதில் அமர்ந்து, நிதானமாகப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோனார்கள்.

அம்மா அப்படியே நின்றுவிட்டார். மறைத்து வைத்தது சுவர் முழுக்க நிற்கிறது. ஓடிப்போய்விடுவாரோ என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையை அப்பா வாசிக்கச் சொன்னார். கீறியவர் என்று ஓவியர் அக்காவின் பெயர். தைத்தவர் என்று அம்மாவின் பெயர், தகப்பன் பெயரோடு முழுதாக. பள்ளிக்கூடத்தில் வாசிப்பதைவிடச் சத்தமாக வாசித்தேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னொருக்கா வாசி" என்றார் அம்மா. வாசித்தேன்.

ஓவியர் அக்கா வந்து சிவப்புக் கதிரையைக் காட்டினார். "இரிங்க அக்கா."

"வேணாம் தங்கச்சி. ஆக்கள் வருவாங்க."

"நீங்கதானே வந்த ஆள்."

அம்மா முதலில் நுனியில்தான் அமர்ந்தார். பிறகு மெல்லச் சாய்ந்து, சாறித் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். அம்மா எழும்பவில்லை. பாலத்தில் நடந்த களைப்பு என்று நினைத்தேன். அந்தக் கதிரையில் ஒருவர் அமர்ந்தால் என் கை தானாகச் செய்கிற வேலையைச் செய்தது. பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினேன். அம்மா என்னையும் போத்தலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினார். "கெதியாக் குடிங்கம்மா, பஸ் போயிரும்" என்று நச்சரித்துக்கொண்டு நின்றேன்.